படிக்கத் தெரியாத கடிதம்

புதுச்சேரி மூலக்குளத்தில் வீடு கட்டிக் குடிவந்த நான்காவது மாதம் கன்னியப்பன் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய மறுநாளிலிருந்து அதைக் கண்டு பயப்படவும் ஆரம்பித்தார். சேதராப்பட்டுக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை. நானூற்று நாற்பது வோல்ட் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று டீ குடிக்கிற ஆள். அப்பேர்ப்பட்டவரை டெலிபோன் ஒயரில் வருகிற ஒரு சமாச்சாரம் ஆட்டிப் படைத்தது.

பயத்துக்குக் காரணம் கம்பெனி கேன்டீன். 2008-ஆம் வருஷம் அங்கே சாப்பாட்டோடு தினம் ஒரு கதை பரிமாறினார்கள். வில்லியனூரில் ஒருத்தர் பெண் நெட்டில் எவனோடோ பேசிப் பேசி பெங்களூருக்குப் போய்விட்டதாம். அரியாங்குப்பத்தில் இன்னொருத்தர் பெண்ணின் போட்டோவை எவனோ எடுத்து எங்கேயோ போட்டுவிட்டானாம். யார் பெண் எங்கே போனாலும் கன்னியப்பனுக்கு இங்கே நெஞ்சு அடைத்தது. அவருக்கு இருப்பது ஒரே பெண், பூர்ணிமா, பிளஸ் ஒன் படிக்கிறாள்.

ஆகவே சட்டம் போட்டார். கம்ப்யூட்டர் ஹாலில்தான் இருக்க வேண்டும், திரை அவர் நாற்காலியைப் பார்த்தபடி. நாளைக்கு ஒரு மணி நேரம், ஞாயிறு என்றால் இரண்டு. எட்டு மணிக்கு மோடத்தை அணைத்து, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் போட்டுக்கொள்வார். சாப்பாட்டு டப்பாவோடு மோடம் ஒயரும் தினம் சேதராப்பட்டுக்குப் போய்வந்தது. “பெத்த புள்ளைய ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க” என்று மனைவி அன்னக்கிளி ஒருநாள் முணுமுணுத்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதுவும் போதாமல் பிரேம்குமாரைக் கூப்பிட்டார். இந்திரா காந்தி சிலை பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், இந்த மிஷினை விற்றவரும் அவர்தான். பூர்ணிமா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வந்து ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். விசைப்பலகையில் யார் எதைத் தட்டினாலும், ஒரு எழுத்து விடாமல், அது ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுமாம். பார்க்கிற விதம் கன்னியப்பனுக்கு மட்டும் தெரியும். ஒரு வாரம் தெம்பாக இருந்தார்.

இரண்டாவது வாரம் அந்தத் தெம்பு போயிற்று. பதிவாகியிருந்த பக்கங்களில் பள்ளிக்கூடப் பாடம் இருந்தது, தோழிகளோடு அரட்டை இருந்தது, சினிமா இருந்தது. நடுவில் ஒரு நீளமான கடிதம். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். அது பிரெஞ்சு.

புதுச்சேரியில் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. இரண்டாவது மொழியாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று ஊரே சொல்லும். கன்னியப்பனும் அப்படித்தான் எடுக்கவைத்தார். அந்தப் பிரெஞ்சு இன்றைக்கு அவர் வீட்டு ஹாலிலேயே அவருக்குப் பூட்டிய கதவாக நின்றது. யாருக்கு எழுதினாள், என்ன எழுதினாள், ஏன் இந்த பாஷையில் எழுதினாள்? பள்ளிக்கூடம் கடிதத் தோழியாக ஏற்பாடு செய்த கிளேர் என்ற பெண் பிரான்சில் இருந்து இவளுக்கு மெயில் போடுவது அவருக்குத் தெரியும். ஆனால் பெயரில் என்ன இருக்கிறது, கிளேர் என்று சொல்லிக்கொண்டு எந்தத் தடியன் உட்கார்ந்திருக்கிறானோ என்று கேன்டீன் கதைகள் எல்லாம் ஒன்றுகூடி வந்து காதில் ஓதின.

இன்னொன்றும் உறுத்தியது. ஒரு மாதமாகச் செவ்வாய்க்கிழமை வந்தால் அவளுக்கு வயிற்று வலி வந்தது. சனிக்கிழமையும் வந்தது. அந்த இரண்டு நாளும் பிரெஞ்சு டியூஷன். டியூஷனை மட்டம் போட்டுவிட்டு நெட்டில் உட்காரத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டி, வலியோடேயே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

கடிதத்தைப் பென் டிரைவில் எடுத்துப்போய் வெளியில் பிரிண்ட் எடுத்தார். யாரிடம் காட்டுவது என்று யோசிக்கவே இல்லை. டியூஷன் எடுக்கும் சக்கரபாணி முசியேவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. இருபது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு, பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்பி, உப்பளத்தில் வீடு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர். கன்னியப்பன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பூர்ணிமாவுக்கு மூளை இருக்கிறது, மற்ற பிள்ளைகள் போனபிறகு தனியாக அரைமணி நேரம் உட்காரட்டும் என்று அவராகவே சொன்னபோது கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பளம் போனார். பெண் டைப் அடிப்பதை ஒளிந்திருந்து படிக்கிறேன் என்று ஒரு பெரிய மனிதரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. மெயிலை மூடாமல் போய்விட்டாள், அதிலிருந்து எடுத்தேன் என்று சொல்லி வைத்தார்.

சக்கரபாணி காகிதத்தை வாங்கினார். முதல் நாலு வரி படித்ததும் நிமிர்ந்து கன்னியப்பன் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். வீட்டில் அப்போது யாருமே இல்லை என்பது அவருக்கே பிறகுதான் நினைவு வந்தது போலிருந்தது, தானே எழுந்துபோய் வைத்தார். பாவம், தன் மாணவி இப்படிப் போய்விட்டாளே என்று மனிதர் கலங்குகிறார் என்று கன்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

விஷயம் மோசம்தான் என்றார் சக்கரபாணி. பையன் ஒருத்தன் இருக்கிறான், காரைக்கால் பக்கம், பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புவதாகத் திட்டம். அதைத்தான் பிரான்சில் இருக்கும் தோழியிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இத வீட்டுல வெச்சிக்காதீங்க. வேற காப்பி இருக்கா?”

கன்னியப்பன் இல்லை என்றார். மெயிலிலிருந்து எடுத்ததாகச் சொன்ன பொய்யே மனசில் நின்றதால் சாஃப்ட்வேர் பதிவு நினைவுக்கு வரவில்லை. அந்த மெயில் அக்கவுன்ட்டையே மொத்தமாக அழித்துவிடச் சொன்னார் சக்கரபாணி. பெண்ணிடம் ஒன்றும் கேட்கவேண்டாம், கேட்டால் பொய்தான் வரும், யார்மேலாவது பழியைப் போடும், இந்த வயசுப் பெண்கள் அதற்குத் துணிந்தவர்கள் என்றார். நெட்டை வெட்டிவிடுங்கள், வெளியில் அனுப்பாதீர்கள், டியூஷனுக்கும் வரவேண்டாம், நாளை ஐந்து மணிக்கு நானே வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறேன், பேசித் திருத்துகிறேன் என்றார். கன்னியப்பன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்ததை அவர் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் பூர்ணிமாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து மெயில் அக்கவுன்ட்டை அழிக்கச் சொன்னார். எதற்கு என்றாள். சொன்னதைச் செய் என்றார். அவள் கிளேருக்கு ஒரு வரி எழுதிவிட்டு அழிக்கிறேன் என்று கெஞ்சினாள். ஒரு எழுத்துகூடக் கூடாது என்று பின்னால் நின்றார். அழித்தாள். மோடத்தையே கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது நான்தான் என்றார். அவள் அழுதாள், ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சரியான பழமொழிதான், தப்பான ஆளுக்குச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டின்போது, முசியே ஐந்து மணிக்கு இங்கேயே வருகிறார் என்று அன்னக்கிளியிடம் சொன்னார். மாடி அறையைப் பெருக்கி வைக்கச் சொன்னார், சத்தமில்லாமல் படிக்கட்டும் என்று. பூர்ணிமா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை.

“இங்கயா?” என்றாள்.

“ஏன், வந்தா இன்னா?”

 அவள் நிமிர்ந்து, நேற்று எதற்காக மெயிலை அழிக்கச் சொன்னீர்கள் என்று கேட்டாள். எல்லாம் தெரியும், காரைக்கால் பையன் வரைக்கும் தெரியும் என்றார் அவர். எந்தக் காரைக்கால் பையன் என்று அவள் கேட்ட கேள்வியில் திருட்டுத்தனம் துளியும் இல்லை, வெறும் திகைப்புதான் இருந்தது. 

“அப்பா, நான் எழுதுனத உங்களுக்குப் படிச்சி சொன்னது யாரு?”

சொன்னார். பூர்ணிமா எழுந்தாள். எச்சில் கையோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது, வேறு சத்தமே இல்லை. அன்னக்கிளி கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள், அழ ஆரம்பித்தாள். கன்னியப்பன் டூல் பாக்ஸை எடுத்துவந்து தாழ்ப்பாளைப் பெயர்க்க ஸ்க்ரூ டிரைவரைச் சொருகினார். அது இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆண்டவனே என் பெண்ணை எனக்குக் கொடுத்துவிடு, காரைக்கால் பையனே ஆனாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொன்னார்.

தாழ்ப்பாள் தானாகத் திறந்தது. முகமெல்லாம் தண்ணீர். அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: “அந்த லெட்டர எங்கேர்ந்து எடுத்தீங்க? நான் அனுப்பினதும் அழிச்சிட்டேனே.”

மறைக்க முடியவில்லை. சாஃப்ட்வேரைப் பற்றிச் சொன்னார், ஒவ்வொரு எழுத்தும் பதிவாவதைச் சொன்னார். சீ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“அப்ப அது இன்னும் இருக்கா? அழியலையா?”

இருக்கிறது என்றார். பூர்ணிமா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒளிந்திருந்து பார்த்ததற்காக ஒரு பெண் இப்படி நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. என்னம்மா எழுதியிருக்கிறாய், நீயே சொல் என்றார். அவள் தலையை ஆட்டினாள். வாயால் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதினேன், இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத பாஷை என்பதால்தான் அதில் எழுதினேன் என்றாள். போய்த் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து பிரெஞ்சு - ஆங்கில அகராதியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

“நீங்களே படிங்க.”

அப்போது மணி இரண்டே முக்கால். கன்னியப்பன் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஐ.டி.ஐ. படித்த காலத்தில்தான் கடைசியாக அகராதி புரட்டியது. விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தித் தேடினார். பாதி வார்த்தைகள் அகராதியில் இல்லவே இல்லை, இருந்ததில் பாதிக்கு நாலு அர்த்தம் போட்டிருந்தது. அன்னக்கிளி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பூர்ணிமா ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கிடைத்தது செவ்வாய்க்கிழமை. அடுத்தது சனிக்கிழமை. மனைவியிடம் சொன்னார், கம்பெனி பேட் காகிதத்தில் எழுதினார். அடுத்து, தனியாக. அடுத்து, கதவு. அதற்குப் பக்கத்திலிருந்த வார்த்தையைத் தேடப் பத்து நிமிஷம் ஆயிற்று, மூடுவது என்று வந்தது. பேனா நின்றுவிட்டது. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். இன்னும் இரண்டு வார்த்தை தேடினார். ஒன்று தோள். ஒன்று கை. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வார்த்தை மூன்று தடவை வந்திருந்தது. அதையும் தேடினார். பயம்.

செவ்வாய், சனி, வயிற்று வலி. வலியோடேயே பைக்கில் ஏற்றிக்கொண்டு போனது யார்? கன்னியப்பன் அகராதியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு நேரம் மரியாதையோடு ‘முசியே’ என்றே நினைத்துவந்த மனசுக்குள் அந்த ஆள் ‘அவன்’ ஆனான்.

அன்னக்கிளிக்கு அகராதி தேவைப்படவில்லை. கணவன் எழுதிய காகிதத்தில் இருந்த ஆறேழு வார்த்தையைப் பார்த்தாள், மகளின் முதுகைப் பார்த்தாள். போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்தபடியே சொன்னாள்: “ஒயர பையில போட்டுப் பூட்டிட்டு, சாவிய திருடன் கையில குடுத்திருக்கீங்க.”

கடைசி வரி மட்டும் பாக்கி இருந்தது. அதில் papa என்ற வார்த்தை இருந்தது, அப்பா என்று அது மட்டும் தேடாமலே தெரிந்தது. வேறு இரண்டு வார்த்தை தேடினார். முதலில் என்று ஒன்று. பூட்டு என்று ஒன்று. சேர்த்துப் பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மணி நாலே முக்கால்தான், கால் மணி முன்னதாகவே வந்துவிட்டான்.

கன்னியப்பன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவர் அவர் கைக்கு வந்திருந்ததை அன்னக்கிளிதான் பார்த்தாள். ஓடிவந்து பிடுங்கினாள். அடித்தால் நாளைக்குக் கேஸ் நம்மேல் திரும்பும், நம் பெண் பேச்சு எடுபடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், ஆனால் முதலில் அவன் வாயாலேயே வரட்டும் என்றாள். அவர் மூச்சை இழுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

சக்கரபாணி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். கையில் ஒரு பெட்டி இனிப்பு. பாப்பா எங்கே, மாடியிலா என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். கன்னியப்பன் குறுக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். குரலை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

“நேத்து படிச்ச பேப்பர் வெச்சிருக்கீங்களா? எம் பொண்ணு முன்னாடி இன்னொரு தபா படிச்சி சொல்லுங்க. அது இல்லன்னு சாதிக்குது.”

அவன் ஒரு நொடி பூர்ணிமாவைப் பார்த்தான், ஒரு நொடி அன்னக்கிளியைப் பார்த்தான். அதை நேற்றே எரித்துவிட்டேன், அந்த அசிங்கத்தை எதற்கு வைத்துக்கொள்வது என்றான். பரவாயில்லை என்று சொல்லி கன்னியப்பன் திரையை அவன் பக்கம் திருப்பினார். முழுக் கடிதமும் அப்படியே இருந்தது, அவள் அடித்துத் திருத்திய எழுத்துகள்கூட இருந்தன. சக்கரபாணி படிக்கவில்லை. முகத்தில் இருந்த பெரிய மனிதத்தனம் எல்லாம் வழிந்து போய், வியர்வை மட்டும் மிஞ்சியது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

“நான் படிக்கிறேன்” என்றாள் பூர்ணிமா.

வேண்டாம்மா என்று அன்னக்கிளி தடுக்கப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. வந்து, சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று பாடம் ஒப்பிப்பது மாதிரி படித்தாள். அன்புள்ள கிளேர் என்று ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவை மூடுவது வந்தது. நோட்டைத் திருத்துகிறேன் என்று தோளில் வைக்கிற கை வந்தது. தள்ளி உட்கார்ந்தால் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வருவது வந்தது. வெளியில் சொன்னால் உன்னைத்தான் தப்பாகப் பேசுவார்கள் என்று அவன் சொன்னது வந்தது. படிக்கும்போது அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

இதெல்லாம் பொய், நெட்டில் கண்டதையும் பார்த்துக் கெட்டுப்போன பெண் என்று சக்கரபாணி எழுந்தான். கன்னியப்பன் ஒரு அடி முன்னால் வைத்தார். அவ்வளவுதான், அவன் இனிப்புப் பெட்டியைக்கூட எடுக்காமல் வாசலைத் தாண்டி ஓடினான். ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை, மூன்றாவது உதைக்குக் கிளம்பியது. எதிர் வீட்டுச் செல்வாம்பாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

அவன் போனபிறகும் பூர்ணிமா படிப்பதை விடவில்லை. இனி அவள் படிப்பது யாருக்காக என்று கன்னியப்பனுக்குத் தெரிந்தது.  அவள் கடைசி வரிக்கு வந்தாள். பிரெஞ்சில் படித்தாள். தமிழில் சொல்ல மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“எங்கப்பாகிட்ட சொல்ல முடியாது கிளேர். சொன்னா, அவரு மொதல்ல என்னத்தான் பூட்டுவாரு.”

அன்னக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் சொல்லாமலே பூட்டியவர் அவர். மெயிலை அழிக்கவைத்து, மோடத்தைப் பீரோவில் வைத்து, பெண்ணை வீட்டோடு நிறுத்தி, மாடி அறையையும் பெருக்கச் சொல்லியிருந்தார். தன் பெண்ணைத் தனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் தப்பு, அவளுக்குத்தான் அவரை அட்சரம் பிசகாமல் தெரிந்திருக்கிறது.

“நீ எழுதுனது சரிதாம்மா” என்றார். “நான் அதத்தான் செஞ்சேன்.”

இல்லப்பா என்று ஒரு சொல் சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. எழுந்து முகத்தைக் கழுவினாள், துப்பட்டாவை மாற்றினாள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பைக் சாவியோடு ஓடிவந்தார்.

“ஸ்டேஷனுக்கு உள்ள அம்மா எங்கூட வரட்டும்” என்றாள் பூர்ணிமா. “நீங்க வெளிய நில்லுங்க.”

சரி என்றார் கன்னியப்பன்.